விறகு அடுக்குவரை

கிளெனிஸ் பின்கதவைத் திறந்து, ஊன்றுகோலால் தோட்டத்தைச் சுட்டிக்காட்டி, "அஞ்சு" என்றாள். "பாத்தா மனசு கொஞ்சமாச்சும் சிரிக்கிற மாதிரி அஞ்சு விஷயம். கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் டீ."

"மழை நிக்கட்டும்."

"இந்த ஊர்ல ஜூலை மாசம் மழை நின்னு நீ பாத்திருக்கியா, லிண்ட்சே? போ."

மலையை மேகம் விழுங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. டாஸ்மேனியாவின் இந்தத் தென்கோடியில் ஜூலைக் குளிர்காலம் என்றால் பனி அல்ல. மூன்று மணிக்கே மங்கிவிடும் வெளிச்சமும், எலும்புவரை போகும் ஈரமும்தான். கிளெனிஸ் என் தம்பி ட்ரெவரின் மனைவி. அவன் போய் ஒன்பது வருடங்கள். ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வண்டி விறகு கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டிவிட்டு, மணியை அடிக்காமல் திரும்பிவிடுவேன். இந்த முறை அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. விறகைப் பின்னால் அடுக்கித் தர முடியுமா என்று போனில் கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அடுக்கி முடித்துக் கிளம்பும்போதுதான் இந்த விளையாட்டு. மனம் இருண்டுபோகும் நாட்களில் அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதியாம். அஞ்சு கிடைக்கும்வரை வீட்டுக்குள் போகமாட்டாளாம்.

"சேறு, தகரம், நத்தை. மூணாச்சு."

"நத்தையைச் சேத்தா இந்தக் கோல் பறந்து வரும்."

வேலிக் கம்பியில் செந்நெஞ்சுக் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் அணையாத கங்கு போல இருந்தது அதன் மார்பு. "ஒண்ணு" என்று ஒத்துக்கொண்டாள். வாட்டில் மரத்தில் கடுகளவு மஞ்சள் மொட்டுகளைக் காட்டினேன்.

"அது பக்கத்து வீட்டு மரம்."

"மொட்டு நம்ம பக்கம்தான தொங்குது?"

"திருட்டுப் பய. சரி, ரெண்டு."

அதற்குப் பிறகு என் கால்கள் தாமாகவே நடந்தன. துணிக்கொடியைத் தாண்டி, மழைநீர்த் தொட்டியின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து அதன் அடியிலிருந்த இருட்டைப் பார்த்தேன்.

"அங்க என்ன தேடுற?"

"அந்த நீலத்த" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

"எந்த நீலம்?"

நான் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில், கல் இறால் பிடிக்கக் கடலில் போட்ட கூடுகளை எடுக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து, அதன் அடிப்பலகை மேல் நானும் ட்ரெவரும் ஏழு மணி நேரம் கிடந்தோம். கடைசியில் நான் மட்டும் கிடந்தேன். விசாரணையில் அதிகாரி கேட்டபோது, குளிரில் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது, சம்பந்தமில்லாமல் பிதற்றினான் என்று சொன்னேன். முன்வரிசையில் கிளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என் பேரையாவது சொன்னானா?" நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். புருஷன் தன்னை மறந்தே செத்தான் என்ற நினைப்போடு ஒன்பது வருடங்கள் இருந்துவிட்டாள்.

அந்தப் பிதற்றல் என்னை விட்டதே இல்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது, பல் துலக்கும்போது, அதே குரல், அதே வரிசை. ஒரு சொல்கூட இடம் மாறியதில்லை. இப்போது இந்தச் சேற்றில் குந்தியிருந்தபோதுதான் அந்த வரிசை என் காலுக்கடியில் ஓடும் பாதை என்று தெரிந்தது. படகின் மேல் கிடந்தபடியே அவன் மனதால் இந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கித் தோட்டத்தில் நடந்திருக்கிறான்.

"ட்ரெவர் சொன்னது" என்றேன். "படகு மேல."

அவள் கோலை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. "முதல்லேருந்து சொல்லு."

"துணிக்கொடிக்குக் கீழ ஜான்கில் மூணு பூத்திருக்கு, இருட்டுல ஒண்ண மிதிச்சுட்டேன்னான்."

அவள் கண்கள் என் முகத்திலேயே நின்றன. "அன்னிக்கு சாயங்காலம் ஒண்ணு ஒடிஞ்சு கிடந்துச்சு. நாய் வேலைன்னு அதத் திட்டிட்டிருந்தேன். திட்டிட்டிருக்கும்போதுதான் போலீஸ்காரர் வந்தாரு. ட்ரெவர் தோட்டத்துப் பக்கமே திரும்பிப் பாக்காத ஆளு. ஒரு பூ பேரு தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நான் எந்திரிக்கறதுக்கு முன்னாலயே கிளம்பிடுவானே."

"தொட்டிகிட்ட அந்த நீலம் இந்த வருஷம் பழுப்பாகலன்னான். ஜூலைல ஏது நீலப் பூ, இவனுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நெனச்சேன்."

"பூ இல்லடா மடையா, குருவி. குளிர் வந்தா ஆண் குருவியெல்லாம் பழுப்பாயிடும். வயசான ஒண்ணு மட்டும் மாறாம இங்கயே சுத்திட்டிருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "தெளிவாத்தான் பேசியிருக்கான். அப்புறம்?"

நாங்கள் நடந்தோம். குளிர்கால ரோஜாவின் அருகே நின்றேன். அதன் பூக்கள் எப்போதும் மண்ணைப் பார்த்துத் தொங்கும். "இதுல ஒண்ணு ராத்திரி விரிஞ்சிருக்கு, கிளெனிஸ் பாக்கறதுக்குள்ள நத்தை தின்னுடும்னான்."

"கிளெனிஸ்னா சொன்னான்?"

"ஆமா."

அவள் குனிந்தாள். ஒரு பூவின் அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்து முகத்தை நிமிர்த்தினாள். இதழ்களின் முதுகில் தங்கியிருந்த மழைநீர் அவள் விரல்களை நனைத்துச் சொட்டியது. எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தாள் என்று தெரியவில்லை.

"அப்புறம்?"

விறகு அடுக்குவரை வந்துவிட்டோம். "இங்க ஒரு கட்டைல முட்டைக்கரு மாதிரி மஞ்சளா காளான் வந்திருக்குன்னான். சிரிக்கக்கூடச் செஞ்சான்."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

"இல்லன்னா?"

"எனக்குப் பயமா இருந்துச்சு, கிளெனிஸ். அவன் பேசப் பேச பயமா இருந்துச்சு. வாய மூடுடான்னு கத்தினேன்." சின்ன வயதில் ஒரே அறையில் படுத்திருந்தபோது அவனிடம் தினமும் சொன்ன அதே வார்த்தை. "மூடிட்டான். அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல. இதையும் சொல்ல வேண்டிவரும்னுதான் உன் பேரச் சொன்னத மறைச்சேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. விறகுக்கு அப்பால் எலுமிச்சை, இற்றுப்போன பாத்திகள், கடல் பக்கத்து வேலி என்று நீண்டு கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொல்லாத பாதித் தோட்டம் இன்னும் இருக்கே, லிண்ட்சே" என்றாள்.

கை கொடுக்கப் போனேன். கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சையின் அடியில் முழங்காலை மடக்க முடியாமல் இடுப்பை வளைத்துக் குனிந்தாள். ஈர இலைகளை விலக்கிப் பார்த்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்து மறுபடியும் குனிந்தாள்.