முடிந்தது என்றால் யாரோடு?

எங்கள் கலியாண சேவை நிலையம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கப்பல் வருகிறதோ இல்லையோ, மாப்பிள்ளைகள் வருவார்கள் என்று முதலாளி கனகரத்தினத்தார் ஜன்னலோரக் கதிரையை விட்டு எழும்பமாட்டார். இங்கே கணினி வேலை என்னுடையது. தம்பலகாமக் கிளையில் துசானி. என் கோப்புகள் என்னிடம், அவளுடையவை அவளிடம். கிழமைக்கு ஒருதரம் ஒரு பென்டிரைவ் பஸ்ஸில் போய்வர வேண்டும். அது பெரும்பாலும் துசானியின் கைப்பையிலேயே தூங்கிவிடும்.

அதனால்தான், எங்களால் கலியாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பனுமான புல்மோட்டைக்காரர், துசானியின் கோப்பில் இன்னும் பெண் தேடிக்கொண்டிருந்தார். போன மாதம் அவர் வீட்டுக்கே அவள் ஒரு பெண்ணின் படத்தை அனுப்பிவைத்தாள். அவருடைய மனைவி தொலைபேசியில் ஏசிய ஏச்சில் முதலாளிக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. உடனே எங்கள் கணினிகளைத் திருத்த வரும் இராகுலனைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரே பதிவுதான் ஐயா," என்றார் இராகுலன். "எல்லாம் ஒரு தரவுத்தளத்தில இருக்கும். இஞ்ச மாத்தினால் அந்த நேரமே தம்பலகாமத்திலயும் மாறும். பிழையாய் எழுதினால் வாங்காது."

"எழுதினதை வாங்காத சாமானுக்கு நான் ஏன் காசு குடுக்கவேணும்?"

முதலாளிக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் சாம்பல்தீவிலிருந்து இராகுலனுடைய அம்மா சித்திரையில் வந்து மகனைப் பதிந்துவிட்டுப் போயிருந்தா. படத்தைப் பார்த்தேன், பிடித்துவிட்டது. பிறகு அவரே பிரின்டர் திருத்த வந்தார், இன்னும் பிடித்துவிட்டது. என் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று தட்டினேன். இனி ஒருத்தரும் அவருக்குப் பெண் காட்டமாட்டார்கள். ஆருக்கு முடிந்தது, எப்போது முடிந்தது என்றெல்லாம் எக்செல் கேட்காது. அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"ஒண்டும் சரிவரேல்லையோ பிள்ளை?" என்று அவருடைய அம்மா அழைக்கும்போதெல்லாம், "சாதகக் குறிப்பு கொஞ்சம் கடுமை அம்மா," என்பேன்.

அந்தச் சொல்லை இப்போது அழிக்கவும் வழியில்லை. அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இராகுலன் கோப்புகள் முழுவதையும் பிரதி எடுத்துவிட்டார்.

"என்ர கோப்பு பழசு. துசானியின்ரதை மட்டும் எடுங்கோவன்," என்று கேட்டுப் பார்த்தேன்.

"எல்லாம் வேணும்," என்றார். விஷயம் தெரிந்தால் இந்த மனிசன் என் முகத்திலும் முழிக்கமாட்டார் என்ற பயத்தில் எனக்கு நித்திரையும் இல்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் நாளில் முதலாளி தன் கதிரையை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பெயர்கள் மளமளவென்று ஏறின. ஒன்றில் மட்டும் நின்றது. சிவப்பில் வந்ததை முதலாளி உரத்து வாசித்தார்.

"இராகுலன், சாம்பல்தீவு. நிலை: முடிந்தது. யாரோடு? இந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எட தம்பி, உமக்கு முடிஞ்சுதே? உம்மட அம்மா நேற்றும் பொம்பிளை பாக்கச் சொல்லிக் கதைச்சவ!"

"எனக்கும் புதினம்தான் ஐயா." இராகுலன் என் பக்கம் திரும்பினார். "எக்செல்லில சும்மா 'முடிந்தது' எண்டு எழுதலாம். இதில ஏலாது பூரணி. ஆரோட எண்டு சொல்லவேணும். அந்த ஆளும் இஞ்ச பதிஞ்சிருக்கவேணும்."

"இந்த விதி ஆர் போட்டது?"

"நான்தான். உங்கட கோப்பை வாசிச்ச அண்டைக்கே போட்டனான்."

எனக்குக் கோபமும் வந்தது, சந்தோசமும் வந்தது. இவ்வளவு நாளும் என்னைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்! கீபோர்டைப் பறித்து என் பக்கம் இழுத்தேன். புதிய பதிவு திறந்தேன். பெயர் பூரணி. பிறந்த திகதி, நட்சத்திரம். பதிவு இலக்கம் வந்தது.

"பிள்ளை, பொருத்தம்..." என்று முதலாளி தொடங்கினார்.

"பிறகு பாப்பம் ஐயா."

அந்த இலக்கத்தை வெறுங்கட்டத்தில் போட்டேன். என்டரை இராகுலன் அமத்தினார். சிவப்பு மறைந்தது.

உடனே தொலைபேசி அடித்தது. தம்பலகாமத்திலிருந்து துசானி.

"அக்கா! இராகுலனுக்கு நேரே உங்கட பேர் நிக்குது. பிழையாய் ஏறிப்போச்சோ?"

"இல்லையடி," என்றேன். "இது பிழையை வாங்காது."