பாடாமல் விட்ட சரணம்

பெரியவளின் கணவருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் ரேடியோ. லிப்ட் பழுது பார்ப்பவர். மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்றபடி அடியில் லிப்ட் குழிக்குள் இருக்கும் கூட்டாளியோடு சத்தம் போட்டே ஊர்க்கதை பேசுகிற தொண்டை. பாதி வழியில் லிப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கதவிடுக்கு வழியாகப் பேசியே சிரிக்க வைத்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். பிறந்த வீட்டில் மூத்த மகள் என்பதால் அவளுக்கு வந்த பெயர் பெரியவள். கல்யாணமான மறுநாளே அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். “பெரியவளே, என் சாக்ஸ் எங்க? பெரியவளே, மழை வரும்போல இருக்கே?” பதிலுக்குக்கூட நிற்கமாட்டார், அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்.

அந்த வாய் ஒரு காலைப்பொழுதில் நின்றுபோனது. வேலையிடத்தில் ஸ்பேனரைக் கேட்கக் கையை நீட்டியவர், கேட்க வந்த சொல் வராமல் விழித்தாராம். பிறகு சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் துவண்டுபோயின. உயிர் தப்பியது பெரிது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்.

“தண்ணி வேணுமாங்க?”

“ஆமா.”

கொண்டுவந்து கொடுத்தால் இடது கையால் தள்ளிவிடுவார்.

“வேண்டாமா?”

“ஆமா.”

“பின்ன என்னதான் வேணும்? ஜன்னலச் சாத்தவா? கால் வலிக்குதா?”

“ஆமா, ஆமா, ஆமா!” முகம் சிவந்து, கண் கலங்கி, கட்டிலின் சட்டத்தில் அடிப்பார். அவர் எதைக் கேட்டார் என்பது கடைசிவரை தெரியாது.

பெரியவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளை ஒரு முனையில் கொடுத்து மறுமுனையில் மடித்து எடுக்க வேண்டும். முன்பெல்லாம் கை தானாக ஓடும். மனது வேறெங்கோ நிம்மதியாக உலாவும். இப்போது விரிப்பு விரிப்பாக வெள்ளை வந்துகொண்டே இருக்க, கண் சுவர்க் கடிகாரத்துக்கே ஓடியது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவருவாள். அங்கே அவள் தங்கை சின்னவள் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருப்பாள்.

“ஏன்க்கா இப்படி மூச்சிரைக்க வர? நான் இருக்கேன்ல? ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்.”

“உட்கார்ந்தா என்னென்னமோ தோணுதுடி.”

உண்மைதான். வீட்டில் ஏற்கெனவே துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தாள். மடித்த துணியை உதறி மடித்தாள். ஜெபம் செய்யலாமென்று கண்ணை மூடினால், “ஆண்டவரே” என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவருக்காவது ‘ஆமா’ இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையே என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

ஒரு ஞாயிறு பிற்பகல், சபையிலிருந்து பாஸ்டரும் இன்னும் சிலரும் ஜெபிக்க வந்தார்கள். சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒரு கஞ்சிராவோடு வந்திருந்தான். சின்ன அறை, கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெரியவள் மட்டும் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். பாஸ்டர் எல்லோருக்கும் பழக்கமான பாட்டைத் தொடங்கினார்:

‘கரை தெரியாத நேரத்திலும்
கைவிடாத என் தேவனே...’

இரண்டாம் அடியில் ஒரு கரகரத்த குரல் கூடச் சேர்ந்தது. யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தார். கோணிய வாயின் வழியாக, சொல் சொல்லாக, ஒன்றும் பிசகாமல். பல்லவி முடிந்து சரணத்துக்கும் போனார். கஞ்சிரா நின்றுவிட்டது; அவர் நிற்கவில்லை.

“அல்லேலூயா! ஸ்தோத்திரம்!” என்று அறை அதிர்ந்தது. சின்னவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவள் ஆட்களை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போய் அவர் தோளைப் பிடித்தாள்.

“என்னங்க, பேச்சு வந்துடுச்சா? என்னைக் கூப்பிடுங்க. பெரியவளேன்னு ஒரு தடவ கூப்பிடுங்க.”

அவர் உதடு துடித்தது. கண்ணில் தேடல் தெரிந்தது.

“ஆமா,” என்றார்.

எல்லோரும் போன பிறகு அவள் சமையலறையில் நின்று சின்னவளிடம் பொரிந்து தள்ளினாள். “கடவுளுக்குன்னா முழுப்பாட்டும் வருது. எனக்கு ஒரு பேர் வரமாட்டேங்குது. நானா இவருக்குக் கஞ்சி ஊட்டுறேன், இல்ல அந்தக் கடவுளா?”

“அக்கா, பாவம்க்கா அப்படியெல்லாம் பேசாத.”

“பேசுவேன். இந்த வீட்ல பேச முடிஞ்சவ நான் ஒருத்திதான்.”

வாரத்தில் இரண்டு முறை வரும் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. “இது நிறையப் பேருக்கு நடக்கும்க்கா. பேசுறதுக்கு மூளையில ஒரு பக்கம் ரொம்ப முக்கியம். அவருக்கு அங்கதான் அடி. ராகத்துக்கு இன்னொரு பக்கமும் கை கொடுக்கும். சின்ன வயசுலேருந்து பாடின பாட்டு, அப்படியே வந்துடும்.”

“அப்போ அர்த்தம் புரிஞ்சு பாடலையா? டேப்பு ஓடுற மாதிரியா?”

அந்தப் பெண் தயங்கினாள். “அத வெளியிலேருந்து சொல்ல முடியாதுக்கா. ஆனா அந்தப் பாட்டு நமக்கு ஒரு வாசல். விட்றாதீங்க. தினமும் கூடப் பாடுங்க.”

டேப்பு என்கிற எண்ணம் பெரியவளை முள்ளாய்க் குத்தியது. சலவைக்கூடத்தில் விரிப்புகள் வழுக்கிக்கொண்டு வருகையில் அதுவே நினைப்பு. அவர் உள்ளே இருக்கிறாரா, இல்லை வீடு காலியாகி ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருக்கிறதா? யாரிடம் கேட்பது? கேட்டால் அவர் ‘ஆமா’ என்பார்.

ஆனாலும் பாடினாள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு தொடங்கிவிடுவாள். நின்றபடி, நடந்தபடி, துணியை உதறியபடி. அவளுக்குச் சுருதி சேராது. அவருக்கு அது பொறுக்காது; பாடிக்கொண்டே முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு பழைய சுளிப்பாக இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பாட்டில் நான்கு சரணங்கள். முதல் இரண்டும் ஆறுதல். மூன்றாவது முறையீடு:

‘எத்தனை நாள்தான் இருளினில் நிற்பேன்?
என் குரல் கேட்டும் மௌனம் ஏனோ?’

நான்காவது நன்றி:

‘யாவும் தந்தீர், இனி ஏது வேண்டும்?
என் பாத்திரம் நிரம்பி வழிகின்றதே.’

ஒரு மாலை, மூன்றாவது முடிந்து அவள் நான்காவதற்குப் போனாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மறந்திருக்கும் என்று அவள் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். “யாவும்...”

அவர் மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“யாவும் தந்தீர்... பாடுங்க. தெரிஞ்சதுதானே?”

இடது கை கட்டில் சட்டத்தில் ஓங்கி விழுந்தது. பிறகு அவளை நேராகப் பார்த்தபடி, அவராகவே திரும்பிப் போனார்: ‘எத்தனை நாள்தான் இருளினில் நிற்பேன்?’ முடித்துவிட்டு மறுபடியும் அதையே. மூன்றாம் முறை ‘மௌனம் ஏனோ’ என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றது.

பெரியவளின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. டேப்பு தானாகத் திரும்பிப் போகாது. டேப்புக்கு வேண்டாம் என்று ஒரு சரணம் இருக்காது.

“உள்ளதான் இருக்கீங்களா?” என்று கேட்டாள். இதற்கும் ‘ஆமா’தான் வந்தது. அந்த ஒரு ‘ஆமா’வை மட்டும் அவள் நம்பினாள். அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, எத்தனையோ வாரமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அந்த மெட்டிலேயே, சுருதி சேராமல், கடவுளிடம் கேட்டாள். ஜெபம் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அடுத்த வாரம் பாஸ்டர் வந்தார். “சிஸ்டர், வர்ற ஞாயிறு பிரதர் சபையில பாடணும். பெரிய சாட்சியா இருக்கும். நிறையப் பேருக்கு விசுவாசம் பெருகும்.”

“அவர் என்ன கண்காட்சியா பாஸ்டர்? இன்னும் ஒண்ணும் சரியாகல.”

பாஸ்டர் கெட்டவர் அல்ல. மருத்துவமனையில் ராத்திரியெல்லாம் கண்விழித்தவர். அவர் முகம் வாடியது. அதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ரேடியோ இடது கையால் ஆணியில் தொங்கிய தன் வெள்ளைச் சட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“போகணுமா?”

“ஆமா.”

ஞாயிறன்று சக்கர நாற்காலியை மேடைக்கு அருகில் நிறுத்தினார்கள். பெரியவள் பின்வரிசையில் உட்காராமல் தூண் பக்கம் நின்றாள். முதல் சரணத்திலேயே சபை கைதட்டத் தொடங்கியது. மூன்றாவதைக் கீபோர்டுத் தம்பி சட்டென்று தாண்டி, உற்சாகமாக நான்காவதற்குத் தாவினான். நேரம் குறைவென்றால் சபையில் விடுபடுவது எப்போதும் அந்த மூன்றாவதுதான்.

ரேடியோ கையைத் தூக்கினார். கைதட்டல் சிதறி நின்றது. கீபோர்டும் நின்றது. பாஸ்டர் குனிந்து மைக்கில் மெல்ல, “யாவும் தந்தீர்...” என்று எடுத்துக் கொடுத்தார். ரேடியோ மறுத்துத் தலையாட்டினார். மறுபடி எடுத்துக் கொடுத்தார். மறுபடி தலையாட்டல். “பாவம், மறந்துட்டார்” என்று யாரோ கிசுகிசுத்தது பெரியவள் காதில் விழுந்தது.

நாலு பேருக்கு முன்னால் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எப்படி முன்னால் போனோம் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. “அவர் மறக்கல பாஸ்டர்,” என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. “அந்தச் சரணத்த அவர் இப்போ பாடமாட்டார். நாங்க இன்னும் அந்த இடத்துக்கு வரல. பொய்யா பாடறதுக்கு அவருக்கு இஷ்டமில்ல. நீங்க தாண்டிப் போனீங்களே, அதத்தான் அவர் ஆண்டவர்கிட்ட கேக்கணும்னு வந்திருக்கார்.”

பாஸ்டர் நிமிர்ந்தார். மைக்கை ரேடியோவின் கைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

‘எத்தனை நாள்தான்...’ என்று அந்தக் கோணல் வாய் தொடங்கியது. முதல் அடியை அவர் தனியாகத்தான் பாடினார். அடுத்த அடியில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், பிறகு இடப்பக்கமிருந்து ஒரு ஆண் குரல். கைதட்டல் இல்லை. கீபோர்டுத் தம்பி ஒற்றை விரலால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போனான். பெரியவள் பாஸ்டரைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவரும் அதையே பாடிக்கொண்டிருந்தார். அவருக்கென்று என்ன கேள்வி இருந்ததோ. திரும்பத் திரும்ப அதே சரணம். கேள்வி கேள்வியாகவே நின்றது. ஆனால் கேட்பவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. யாரிடம் கேட்கிறார்களோ அந்த ஆண்டவரும் அங்கேதான் இருக்கிறார் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் மகன் வீட்ட விட்டுப் போனதிலேருந்து அந்த நாலாவது சரணத்துக்கு நான் வாய மட்டும் அசைச்சிட்டிருந்தேன்,” என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பயிற்சிக்காரப் பெண் சொன்னது போல அந்தப் பாட்டு வாசலாகத்தான் ஆனது. மெட்டை மெட்டாகவே வைத்துக்கொண்டு சொல்லை மாற்றக் கற்றுக்கொடுத்தாள். ‘தண்ணி வேணும்’ வந்தது. ‘ஜன்னலத் திற’ வந்தது. ஒருநாள் ‘பெரியவளே’யும் ராகத்தோடு வந்துவிட்டது, அடுத்து ‘உப்பே இல்ல’ என்று முடிந்தது. “ஏன், நேத்து மட்டும் இருந்துச்சாக்கும்?” என்று அவளும் அதே மெட்டில் திருப்பிக் கொடுக்க, சின்னவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

அவர் மறுபடி லிப்ட் வேலைக்குப் போகவில்லை. வலது கை வரவே இல்லை. மூச்சு விடாமல் கதை பேசும் அந்த மனிதரும் முழுதாகத் திரும்பவில்லை. நாலைந்து சொல்லுக்கே களைத்துப் போவார். பக்கவாதம் மறுபடி தாக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே பெரியவளுக்கு இன்னும் ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. அவர் சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போனால், முணுமுணுப்பாய் ஒரு பாட்டு வெளியே வரும். அது நின்றால் அவள் கைவேலையும் நின்றுவிடும். கதவருகே போய்க் காதை வைத்து நிற்பாள், தட்டலாமா வேண்டாமா என்று. உள்ளே தண்ணீர் விழும். பிறகு அடுத்த அடி வரும். அவள் போய் அடுப்பைப் பார்ப்பாள்.