தட்டினால் போதும்

மத்தி மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் பாக்கியலக்ஷ்மி. எதிரே அடுக்களைப் படியில் குந்தியிருந்து அவள் புருஷன் இசக்கிமுத்து கப்பைக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்குக் கிட்டங்கிகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அவளுக்குச் சுக்குப் பொறுக்கப் போக வேண்டியதில்லை. அவனைக் கூட்டிப்போக டாக்டரின் ஜீப்பும் வராது.

"ஏளா, இது மீனா, செதில் மூட்டையா? சுரண்டிக்கிட்டே இருக்கியே."

"நீங்க தோலோட பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளுதீகளே, அதுக்கு இது தேவல."

"படிச்சவன்ட்ட குத்தம் கண்டுபிடிக்காத, பாத்துக்க."

படிப்பு என்று அவன் சொல்வது மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தை. "ரெண்டு வருச கோர்ஸ். பாஸாகி வெளிய வந்தவனாக்கும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வான். சித்தம் கலங்கிக் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறவர்கள்கூட அதைக் கேட்டு உள்ளேயிருந்து சிரித்திருக்கிறார்கள்.

கிழங்கின் பாதியில் கத்தி நின்றது. அவன் இடது தோளை ஒரு தடவை உருட்டிப் பார்த்தான்.

"முடியல பாக்கியம். கொஞ்சம் மேல போயிப் படுக்கேன்."

"சாயா போட்டுத் தரவா?"

வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மச்சுப் படியில் ஏறினான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது. அவள் மீனை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நல்ல நாளில் அவன் தாழ்ப்பாள் போடுவதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை இப்படி நடந்திருந்தது. பேச்சு நின்றுபோகும், சாப்பாடு வேண்டாம் என்பான், மேலே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். இரண்டு தடவையும் டாக்டர் வந்து படியில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு தடவையும் பொழுது சாய்கிற நேரத்தில் அவனாகவே கதவைத் திறந்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டான்.

அவள் சாயாவோடு ஏறிப் போனாள். "ஏங்க" என்றாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். பிறகு டம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கி, வீட்டின் பக்கத்துப் பங்கில் இருந்த ஓரகத்தி பேச்சியம்மாளிடம் படியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுள்ளிக்கல்லில் ஜீப் ஓட்டுகிற ராசப்பன் வீட்டுக்கு ஓடினாள்.

அந்த ஜீப் ஒரு தர்ம ஸ்தாபனம் டாக்டர் அனந்தநாராயணனுக்குக் கொடுத்தது. வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் கயிற்றால் கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிற ஊரில், நாமே வீட்டுக்குப் போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருந்தது. போன முதல் வீட்டிலேயே அவர் மேல் அம்மிக் குழவி பறந்து வந்தது. அதற்குப் பிறகுதான் தன்னிடம் வைத்தியம் பார்த்துத் தேறியிருந்த இசக்கிமுத்துவைத் துணைக்குக் கூப்பிட்டார். போகப் போக இசக்கிமுத்து முன்னாலும் டாக்டர் பின்னாலுமாக ஆனார்கள்.

அவனுடைய வழி ஒன்றுதான். மூடிய கதவில் முதுகைச் சாய்த்து வெறுந்தரையில் உட்காருவான். "பேச வேண்டாம். இருக்கேன்னு ஒரு தட்டுத் தட்டினாப் போதும். நான் பாட்டுக்கு இங்க உக்காந்திருக்கேன்" என்பான். உள்ளேயிருந்து தட்டுக் கேட்டுவிட்டால் அப்புறம் யாரும் கதவைத் தொடக் கூடாது. வீட்டுக்காரர்கள் கத்தினாலும், போலீஸே வந்தாலும் கூடாது. டாக்டர் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்காரப் பழகினார்.

அவன் வாலிபத்தில் முதன்முதலாகக் கலங்கியபோது அடைத்துக்கொண்டதும் இதே மச்சறைதான். அண்ணன் நல்லசிவம் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து கதவை உடைத்தான். மூட்டை கட்டுகிற கயிற்றால் தம்பியைக் கட்டி, கைவண்டியில் போட்டு, பஜார் வழியாகப் படகுத்துறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். சங்கரன்கோவிலில் பெண் பார்க்க வந்த அன்று இசக்கிமுத்து இதையெல்லாம் பாக்கியத்திடம் அவனே சொன்னான். "எனக்கு மறுபடியும் வரலாம், வராமலும் போகலாம். வந்தா கதவை மட்டும் ஒடைக்க விட்ராத" என்றான். அவள் சரி என்றாள். அவர்களுக்குள் நிச்சயதார்த்தம் என்று நடந்தது அதுதான்.

டாக்டர் திருப்பூணித்துறையிலிருந்து வந்து சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. வழக்கம்போலப் பையை ஜீப்பிலேயே வைத்துவிட்டு வந்தார். இந்த வேலைக்கு வரும்போது டாக்டராகத் தெரியக் கூடாது என்பதும் இசக்கிமுத்து சொன்னதுதான். மேல்படியில் கதவோரம் உட்கார்ந்தார்.

"இசக்கி, நானாக்கும். ஒண்ணும் பேச வேண்டாம் கேட்டியா. இருக்கேன்னு தட்டினாப் போறும்."

ராசப்பன் நடுப்படியில் நின்றான். பாக்கியம் அவனுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போது கதவின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டி, ஒரு தட்டுக் கேட்டது. பிறகு இன்னொன்று.

"ஹாவூ!" என்று ராசப்பன் மூச்சு விட்டான். பாக்கியம் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"பாத்தியா, இருக்கான்" என்றார் டாக்டர். "இனி நீ வெசனப்பட வேண்டாம். அவனா வரப்போ வரட்டும்."

"ஆசான் நமக்குப் பரீச்ச வெச்சிருக்காரு சேச்சி" என்றான் ராசப்பன். "நாமளும் அவரை மாதிரி மிண்டாம, வாயத் தொறக்காம உக்காரறோமான்னு பாக்கறாரு. எனக்கு ஒரு சாயா தந்தா நான் பாஸாயிருவேன்."

அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் குடித்தார்கள். டாக்டர் கதவைப் பார்த்தபடி, அன்றைக்குக் குழவியில் அடிபடாமல் தான் குனிந்த கதையைச் சொன்னார். நடுவில் ஒரு தட்டுக் கேட்டது. "சிரிக்கறான்" என்றார். அதற்கப்புறம் வெகுநேரம் கழித்து ஒன்று, மிக மெல்ல.

"தூக்கம் வரது போலிருக்கு. தூங்கட்டும். தூக்கந்தான் இதுக்கு மருந்து."

நல்லசிவம் எங்கோ போயிருந்தவன் விஷயம் கேள்விப்பட்டு வந்தான். வந்த வேகத்தில் நாலு படி ஏறிவிட்டான்.

"என்னய்யா பண்ணுதீக எல்லாரும்? கதை பேசி சாயா குடிக்கவா வந்தீக? உள்ள அவன் என்ன கோலத்துல கெடக்கான்னு பாக்க வேண்டாமா? ஒரு மிதி மிதிச்சா தெறிச்சிரும்."

"நல்லசிவம், அவன் பதில் சொல்லிண்டுதான் இருக்கான். நாம அவசரப்படப் படாது" என்றார் டாக்டர்.

"அய்யா, ஒங்களுக்கு அவன் சீக்காளி. எனக்குத் தம்பி."

பாக்கியம் எழுந்து படிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியதில்லை.

"அத்தான், ஒரு தடவ நீங்க ஒடைச்சது போதும்."

நல்லசிவம் இறங்கிப் போய், கீழே அடுக்கியிருந்த காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வெயில் கூரையைவிட்டு இறங்கியது. டாக்டர் எழுந்து, மரத்துப்போன காலை உதறிவிட்டு, கதவருகே குனிந்தார்.

"இசக்கி, நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணு தட்டு."

காத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு போறும்டா."

காதைப் பலகையில் வைத்தார். அந்த முகம் மாறியதைப் பாக்கியம் கீழேயிருந்து பார்த்தாள். "ராசப்பா" என்று மட்டும் சொன்னார். ராசப்பன் திரும்பி, "அண்ணாச்சி, வாங்க!" என்று கத்தினான்.

நல்லசிவம் ஏறி வந்து காலைத் தூக்கினான். தூக்கிய கால் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. "என்னால முடியலய்யா" என்று சுவரோடு சாய்ந்துவிட்டான். ராசப்பன்தான் தோளால் மோதினான். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்தது. கதவு ஒரு முழம் திறந்து, அதற்கு மேல் போகாமல் நின்றது. உள்ளே தரையில் அதைத் தடுத்துக்கொண்டு அவன் கிடந்தான். பாய் அறையின் அந்தக் கோடியில் விரித்தபடி இருந்தது. பாயிலிருந்து கதவுவரை அவன் உடம்பு இழுபட்டு வந்த தடம் தூசியில் தெரிந்தது. ஒரு கை கதவின் அடிப்பலகையோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் இடுக்கு வழியே நுழைந்து உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். ராசப்பன் ஜீப்புக்கு ஓடிப் பையை எடுத்து வந்து நீட்டினான். டாக்டர் அதை வாங்கவில்லை.

"ஹார்ட்டாக்கும்" என்றார். "காலம்பறவே வந்திருக்கு."

காலையில் படியேறும்போது அவனும் இது பழைய நோய் என்றுதான் நினைத்தானோ என்னவோ. இல்லாவிட்டால் தாழ் போட்டிருப்பானா?

"அப்ப அந்தத் தட்டு?" என்று பாக்கியம் கேட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ராசப்பன் படியைப் பார்த்தான். நல்லசிவம் யாரையும் பார்க்கவில்லை. பாக்கியம் அடிப்பலகையோடு ஒட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

அண்ணன்காரன் அன்று பொழுது அடைகிறவரைக்கும் சந்து முனையில் நின்று, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஹார்ட் அட்டாக்! எந்தம்பிக்கு ஹார்ட் அட்டாக்! டாக்டரே சொல்லிட்டாரு. பணக்காரனுக்கு வருமே, அது."

"மெல்லப் பேசுங்க, எல்லாரும் பாக்காக" என்று பேச்சியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கட்டும். பைத்தியக்காரன் செத்தான்னு எவனும் சொல்லக் கூடாது."

சொன்னார்கள். பாக்கியத்தின் காதில் விழுகிற தூரத்திலேயே ஒருத்தி, "மருந்து ஏதும் குடிச்சிட்டானோ?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "தூக்குன்னுல்லா கேள்விப்பட்டேன்" என்றாள். பாக்கியம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. எதைச் சொன்னால் என்ன. அந்தத் தட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவர்களுடைய எந்தக் கதையிலும் இல்லை.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். டாக்டர் முந்தைய நாள் வேட்டியோடேயே வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திருப்பூணித்துறைக்கு அவர் போகவே இல்லை போலிருந்தது. யாரோ சாயா கொண்டுவந்து கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குளிப்பாட்டுவதற்கு நீர்மாலைத் தண்ணீர் வந்து சேர்ந்த சமயம், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாக்கியம் ஜன்னல் வழியே பார்த்தாள். சந்துக்கு அந்தப் பக்கம், மிளகுக் கிட்டங்கிச் சுவரோரம், கறுப்புக் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கூவப்பாடத்துச் சீதாலக்ஷ்மி; ஒரு தடவை புருஷனோடு போய்ப் பார்த்திருந்ததால் பாக்கியத்துக்கு அடையாளம் தெரிந்தது. வருஷக்கணக்காக வீட்டு வாசலைத் தாண்டாதவள். அந்த வீட்டுக்கு இசக்கிமுத்து ஒரு மழைக்காலம் முழுக்கப் போனான். கூப்பிடாமல் உள்ளே போவதில்லை என்று கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்புவான். ஒருநாள் அவளே கதவிடுக்கில் நின்று "வாங்கோ" என்றாளாம். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து, பரீட்சையில் முதலாவதாக வந்தவன் மாதிரி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

இப்போது அவள் தனியாக, கூவப்பாடத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். கூட்டத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியத்துக்கு விளங்கியது. எழுந்தாள்.

பேச்சியம்மாள் சேலையைப் பிடித்தாள். "எங்க போற?"

"அந்தம்மா நிக்காக. வாங்கன்னு சொல்லணும்."

"கிறுக்கா ஒனக்கு? துட்டி வீட்டுக்கு வாங்கன்னு யாராவது கூப்பிடுவாகளா? வாரவுக தானா வருவாக. ஒக்காரு."

"கூப்பிடாட்டா அவுக வர மாட்டாக அக்கா."

"ஒக்காருட்டி."

‘வாங்க’ என்ற அந்தச் சொல்லை ஒரு சாவு வீட்டின் வாசலில் நின்று சொல்லும் துணிச்சல் பாக்கியத்துக்கு வரவில்லை. உட்கார்ந்தாள்.

வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதினார்கள். நல்லசிவம் முன்பக்கம் தோள் கொடுத்தான், ராசப்பன் பின்பக்கம். டாக்டர் எழுந்து, கூட்டத்தின் கடைசியில் போனார். பெண்கள் சந்து முனைவரை போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். வீடு கழுவிவிடப்பட்டது. ஒவ்வொருத்தியாகக் குளித்து, போகிறேன் என்று சொல்லாமல் போனார்கள்.

பாக்கியம் தலையில் தண்ணீர் சொட்ட வாசலுக்கு வந்தாள். திங்கட்கிழமை. கிட்டங்கிகள் திறந்துவிட்டிருந்தன. மூட்டையும் தலையுமாகச் சுமட்டுக்காரர்கள், "மாறிக்கோ, மாறிக்கோ" என்று வழி கேட்டுச் சத்தம் கொடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரமாக வந்தார்கள். சீதாலக்ஷ்மி குடையை மார்போடு அணைத்து ஒதுங்கி, அவர்களுக்கு வழிவிட்டாள். அவர்கள் போன பிறகு முன்பு நின்ற இடத்துக்கே வந்து நின்றாள்.