கடைசி வளைவில் எழுந்து மிதிப்பது பற்றி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒன்றும் எனக்கு ஞானத்தில் உதிக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தப்பான ஆளின் காலை உதைத்துவிட்டேன், அதில் பிறந்தது. யாருடைய கால் என்பதை நான்காம் எண்ணில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'மேட்டுப்பாதையின் மீது காலை வெயில் மெல்லத் தன் —'

வேண்டாம். வெயில் என்ன செய்தால் நமக்கென்ன? அடுத்தது:

'ரேஸ் சைக்கிளில் மேடேறும்போது உட்கார்ந்து மிதிப்பதா, எழுந்து நின்று மிதிப்பதா என்ற கேள்வி, மனித குலம் தோன்றிய நாளிலிருந்தே —'

அன்றைக்குச் சைக்கிளே கிடையாது. அடித்துவிட்டேன். ஆனால் விஷயம் அதுதான், வாசகரே. உட்காருவதா, நிற்பதா. இதற்கெல்லாம் ஒரு கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இதற்காக ஒரு வீட்டில் பதினோரு வருஷமாகச் சண்டை நடக்கிறது.

2

என் அக்கா முடி திருத்துகிறவள். சொந்தக் கடை, மூன்று நாற்காலி. மூன்றிலும் ஊரார்தான் உட்காருவார்கள். அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றது நின்றபடி. அத்தான் பல் செட் செய்கிறவர். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு விளக்கு, முன்னால் யார் யாருடைய ஈறோ அச்சில் வார்த்து வரிசையாக இருக்கும். உட்கார்ந்தாரென்றால் எட்டு மணி நேரம் எழமாட்டார்.

(நிற்கிறவள் சைக்கிளிலும் நிற்கிறாள், உட்காருகிறவர் அங்கேயும் உட்காருகிறார், வாழ்க்கை இவ்வளவு வசதியாகவா அமையும், நீ ஜோடித்ததுதானே என்று கேட்பீர்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். அத்தானைத் தபால்காரர் ஆக்கினேன். இரண்டாவது பத்தியிலேயே மனுஷன் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவார்கள். ஆறு வளைவு. ஏற்றம் தொடங்கியதும் அக்கா சீட்டை விட்டு எழுந்து, சைக்கிளை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு நின்றே ஏறுவாள். அத்தான் லேசான கியரைப் போட்டு, உட்கார்ந்தபடி காலை மட்டும் சுழற்றிக்கொண்டு பின்னால் வருவார்.

"சீட்டு எதுக்குடி வெச்சிருக்கான்? உக்காரத்தானே? உக்காந்தா மூச்சு மிச்சமாகும்."

"அப்ப கால் எதுக்கு வெச்சிருக்கான், தொங்கப் போடவா? எந்திரிச்சா உடம்பு பாரமே பெடலை அழுத்தும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள நான் மேல ஒரு தூக்கம் போட்டிருப்பேன்."

இரண்டு பேர் சொல்வதும் சரி. சண்டை பதினோரு வருஷம் ஓடியதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அக்கா. சிவப்புப் பேனாவோடு உட்காருவாள், இல்லை, நிற்பாள். அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். "யாரு சாகறா, யாரு பொழைக்கறான்னு தெரிஞ்சாத்தாண்டா எனக்கு நிம்மதியா படிக்க முடியும்" என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

3

அத்தான் என்ற பாத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொள்கை கொள்கை என்றாலும், ஆறாவது வளைவு செங்குத்து என்பதால் அங்கே மட்டும் அவரும் எழுந்துதான் மிதிப்பார். மூன்று மாதமாக அங்கேயும் எழுவதில்லை. கேட்டால், கொள்கையில் இன்னும் தீவிரமாகிவிட்டாராம். "சோம்பேறித்தனத்துக்குக் கொள்கைன்னு பேர் வெச்சா ஆச்சா?" என்று அக்கா கேலி செய்கிறாள்.

பாத்திரம் திடீரென்று மாறினால் காரணம் வேண்டும். காரணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனவன் நான்தான்.

(இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது கதையில் சேராது. அத்தானுக்கு இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பு. அடுத்த மாதம் சரிசெய்யப் போகிறார்கள். "அதுவரைக்கும் சைக்கிள் ஓட்டலாம், ஆனா மெதுவா. மேடுன்னா உக்காந்தே, லேசான கியர்ல. எந்திரிச்சு மூச்சு முட்ட மிதிக்கவே கூடாது" என்றார் டாக்டர்.)

வெளியே வந்ததும் மனுஷன் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "மாப்ள, வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. அவளுக்குத் தெரிஞ்சா சைக்கிளைப் பூட்டிருவா. வாரம் பூரா ஆளுக்கொரு மூலையில கிடக்கறோம். அந்த ஒரு காலைப்பொழுதுதான் அவ என்கூட இருக்கா."

சத்தியம் செய்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

4

புதன்கிழமை. சாப்பாட்டு மேஜை. அக்கா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை கடைசி வளைவுல ஒரே ஒரு தடவை எந்திரிச்சு மிதிங்க. எனக்கு முன்னால மேல போய்ச் சேருங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விட்டால்தானே! "சரி, எந்திரிக்கறேன். பாத்துருவோம்" என்றார் அத்தான்.

மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி ஒரு உதை விட்டேன்.

"ஐயோ! ஏண்டா உதைக்கறே?" என்று அலறினாள் அக்கா.

கால் மரத்துப்போச்சு என்று உளறினேன். மரத்த கால் இவ்வளவு வேகமாகவா போகும் என்று கேட்டாள். வெட்கக்கேடு.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அத்தான் எழவில்லை. அக்கா சிரித்தாள். இருவரும் மேலே தண்ணீர் குடித்தார்கள். (எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வாக்குக் கொடுத்த வீம்புக்காரன் உட்கார்ந்தே இருப்பானா? மாட்டான்.)

இரண்டாவது: எழுந்தார், ஜெயித்தார், ஒன்றும் ஆகவில்லை. (கதையில் சர்வசாதாரணமாக எழுதலாம். பேனாவுக்கு என்ன போயிற்று?)

மூன்றாவது: 'ஆறாவது வளைவில் அத்தான் சீட்டை விட்டு எழுந்தார். அக்கா திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் மட்டும் —'

இல்லை. மாட்டேன். இந்த வாக்கியத்தை எழுதியபோது நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்துவிட்டேன். மிச்சத்தை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் வாங்கினார். விரலைப் பற்றிப் பேச்சே வரவில்லை. வக்கீல் புத்தி என்று திட்டுங்கள், பரவாயில்லை. வாசகரே வாசகரே என்று இவ்வளவு நேரம் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறீர்கள்?

6

அக்கா, வழக்கம்போல இங்கேயிருந்துதானே ஆரம்பிக்கிறாய்? இந்த ஒரு தடவை உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. யார் பிழைக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தில் தேடாதே, நான் எழுதவில்லை. எழுதப் பயமாக இருக்கிறது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம். கடையில் கூட்டம் இருக்காது. பக்கத்தைப் புரட்டி மூன்றாம் எண்ணுக்குப் போ. அங்கே ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. அதைப் படி. அழவேண்டுமென்றால் அங்கேயே அழுதுவிடு, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. சைக்கிளைப் பூட்டாதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போலக் கிளம்புங்கள். கடைசி வளைவு வந்ததும், அவர் எழுவதற்கு முன்னால், நீ சீட்டில் உட்கார்ந்துவிடு. லேசான கியரைப் போட்டு அவர் பக்கத்திலேயே போ. என்னடி ஆச்சு என்று கேட்டால், தம்பி உதைத்த கால் வலிக்கிறது என்று சொல்.

எழுத்துப் பிழைகளைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.