ஆஸ்பத்திரி மெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றின் பெண்கள் விடுதி. அதில் நான்காம் எண் அறைக்கென்று ஒரு ஜோடி மெட்டி இருந்தது. அறையில் இருந்த ஆறு பேரில் ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்புறம் மெட்டி எதற்கு என்றால், ஆஸ்பத்திரிக்குப் போக! எப்போதோ ஒருத்தி மாதவிலக்கு வலி தாங்காமல் போனபோது, சீட்டு எழுதுமிடத்தில் கல்யாணம் ஆச்சா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் வரிசை மொத்தமும் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்ததாம். மறுவாரமே பஜாருக்குப் போய்க் கவரிங் மெட்டி வாங்கி வந்து பவுடர் டப்பாவில் போட்டு வைத்துவிட்டார்கள். யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த மூளையைக் கம்பெனியில் காட்டியிருந்தால் ஆறு பேரும் சூப்பர்வைசர் ஆகியிருப்பார்கள்.

ஷைனிக்குப் பத்தொன்பது வயது. திருவாலங்காட்டுப் பக்கம் ஊர். மூன்று வாரமாகச் சிறுநீர் போகும்போது அவளுக்கு எரிச்சல். சும்மா எரிச்சல் இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வைக்கிற எரிச்சல். கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நிற்பவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். வருகிறவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எதற்கு வம்பு என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். மெடிக்கல் ஷாப்காரர் இரண்டு முறை ஏதோ மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. இப்போது குளிர்ஜுரமும் இடுப்பு வலியும் வேறு. ஊருக்குப் போகலாம் என்றால் அப்பா ஜெயராஜ் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார். அவளுக்கோ இந்த வேலையை விட மனசில்லை. வீட்டுக்குத் தெரியாமல் உடம்பு சரியாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பக்கத்துக் கட்டில் பூமிகாதான் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். போன மாதம் அடிவயிற்று வலி என்று அவளும் மெட்டி போட்டுக்கொண்டு போனவள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், சத்து மாத்திரை கொடுத்தார்கள் என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் மெர்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேனா ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடியது. கல்யாணம் ஆச்சா என்று தலைநிமிராமல் கேட்டாள். ஆச்சு என்றாள் ஷைனி. எவ்வளவு நாள் என்றதற்கு எட்டு மாதம் என்று வந்தது. புருஷன் பேர் என்ன? ஐயோ, இதை யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லையே! வாயில் முதலில் வந்த பெயர் சாம்சன். அவன் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். பாவம், ஒரே ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரச் சொன்னதைத் தவிர அவளோடு பேசியதுகூட இல்லை. புகுந்த வீட்டு விலாசம் கேட்டபோது பதற்றத்தில் சொந்த வீட்டு விலாசத்தையே சொல்லித் தொலைத்தாள். எரிச்சல் என்றதுமே அது புருஷனிடமிருந்து ஒட்டிய தொற்று என்று மெர்சி முடிவு கட்டிவிட்டாள்.

"ஊட்டுக்காரரயும் கூட்டினு வாம்மா. ரெண்டு பேரும் மாத்திர சாப்ட்டாத்தான் இது போவும்" என்றாள் மெர்சி. "திருவாலங்காடா? அங்க நர்ஸு எங்கூடப் படிச்சவதான். சொல்றேன், ஊட்டுக்கே வந்து பாப்பா."

நர்ஸம்மா வந்து கதவைத் தட்டுவதும், சாம்சன் இருக்காரா என்று கேட்பதும், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எந்த சாம்சன் என்று வெளியே வருவதும் வரிசையாக ஷைனியின் கண்ணில் ஓடின.

"சிஸ்டர், அத அடிச்சிடுங்க. எனக்குக் கல்யாணம் ஆவல. புருஷனும் இல்ல, ஒருத்தனும் இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெர்சியின் பேனா நின்றது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிக் குனிந்து அவள் காலைப் பார்த்தாள்.

"இந்த உடஞ்ச பூ மெட்டிய நான் மூணாவது காலுல பாக்கறேன்" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்த ஷைனியும் சிரித்துவிட்டாள். சட்டென்று மெர்சியின் சிரிப்பு நின்றது. மற்ற இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டாள். ஷைனி இல்லையென்று தலையாட்டினாள்.

"அவங்களயும் புருஷனக் கூட்டினு வான்னுதான் அனுப்பினேன். திரும்பி வரவே இல்ல. சரியாப் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அப்புறம் அவளே கூடவே நின்று சிறுநீர் டெஸ்ட் எடுக்க வைத்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சிறுநீர்த் தொற்றுதான், இன்னும் விட்டிருந்தால் கிட்னிக்கே போயிருக்கும் என்றார். முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும்படி மாத்திரை எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று லைன் லீடருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். வீட்டுக்குத் தகவல் போகாது என்று மெர்சி இரண்டு தடவை சொன்னாள். வியாழக்கிழமை மதியம் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கென்றே தனி நேரம் இருக்கிறதாம். அதற்குப் பலகைகூட உண்டு. மாட்டின புண்ணியவான் ஊசி போடும் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். மெர்சி அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டே பலகையைக் கழற்றித் தூக்கிப்போய்ச் சீட்டு எழுதுமிடத்துக்கு மேலே மாட்டினாள்.

அன்று சாயங்காலம் நான்காம் எண் அறையில் ஒரே அமர்க்களம். சாம்சன் மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர் சீர் வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கலாய்த்தார்கள். ஷைனியும் சேர்ந்து சிரித்தாள். நான்கு நாளில் ஜுரம் விட்டது, எரிச்சல் போன இடம் தெரியவில்லை. லைன் லீடர் கடிதத்தைப் பார்த்து முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் ஆள் மாற்றி அனுப்பினார். மடமடவென்று தண்ணீர் குடிப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பூமிகா பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு அறையில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். தன்னையும் புருஷனைக் கூட்டி வரச் சொன்னார்கள், அதனால்தான் திரும்பிப் போகவில்லை, வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றாள். இவ்வளவுதானே, வியாழக்கிழமை போய்க் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லிவிடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றாள் ஷைனி.

"நீ ஒருத்தனும் இல்லன்னு சொல்ட்ட" என்றாள் பூமிகா. "எனக்கு ஜெகன் கீறானே."

கேட்க ஷைனிக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. வயிற்றைப் பார்த்த அந்த வரிசையில் தானும் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அப்ப ஜெகனயும் கூட்டினு வா" என்றாள். "ரெண்டு பேருக்கும் மாத்திர தருவாங்க. நானும் வரேன்."

பூமிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெகனுக்குப் போன் போட்டாள்.