நாற்பதாவது குடும்பம்

சைக்கிள் கடை மாடியில், நொடிந்துபோன குடும்பங்களுக்குத் தோள்கொடுக்கும் சங்கம் ஒன்று இருந்தது. கைக்குழந்தைக்குப் பால்மாவு தருவார்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைபோவார்கள். எல்லாம் வருடாவருடம் வரும் மானியத்தில். அதற்கு விண்ணப்பம் எழுதுகிற கிழவரைப் படிவக்காரர் என்பார்கள். போன வருட விண்ணப்பத்தைத் தூக்கிய தபால்காரர் மூன்று நாள் இடுப்புப் பிடிப்பில் படுத்துவிட்டார்.

இந்த முறை நாற்பது குடும்பம் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை. கடைசி நாள் மத்தியானம் ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. சங்கத் தலைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு குறையுது அண்ணே. மிச்ச முப்பத்தொன்பதும் நடுத்தெருவுல நிக்கும்."

"நாப்பது இருக்கு தங்கச்சி. நீ போய் டீ குடி."

நாற்பதாவது வரியில் படிவக்காரர் தன் விலாசத்தையே எழுதினார். உறுப்பினர்: ஒருவர். 'குறை' என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு, 'பேச ஆளில்லை' என்று எழுதினார்.

மானியம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை போய், கதவைத் தட்டி, நலம் விசாரித்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். தெருவாரியாகப் பிரித்ததில் அவர் தெரு அவருக்கே விழுந்தது.

சொன்னபடி செய்கிற ஆள் அவர். வியாழன்தோறும் நாலு மணிக்கு வெளியே வந்து வீட்டைப் பூட்டுவார். தட்டுவார். மரியாதையாகக் கொஞ்சம் காத்திருந்து, திறந்து உள்ளே போவார். இரண்டு டம்ளரில் டீ. வலது கையால் ஒரு கையெழுத்து, இடது கையால் இன்னொன்று. ஒருநாள் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது. 'குடும்பத்தார் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை' என்று அறிக்கையில் எழுதினார்.

ஆறாம் மாதம் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா, அறிக்கைகளிலேயே உருக்கமானதைப் பிடித்துக்கொண்டு அந்த விலாசத்துக்கே வந்துவிட்டாள். தலைவியும் கூட வந்தாள். கதவைத் திறந்தவர் படிவக்காரர்.

"எங்க அந்தக் குடும்பம்?"

"நிக்குதுல்ல, உங்க முன்னாடி."

தலைவி சுவரைப் பார்த்தாள். இந்த ஆறு மாதமும் அவள் தினமும் இந்த மனிதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி காகிதங்களைப் புரட்டினாள். "குறைன்னு எழுதியிருக்கீங்களே, அது?"

"அதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்லம்மா."

"அப்ப குடும்பம் நிஜம், போய்ப் பாத்ததுதான் பொய். வர்ற வாரத்துலேருந்து வேற ஆள் வரணும். வரலைன்னா மானியம் நின்னுரும்."

அடுத்த வியாழன். தலைவி அவர் வீட்டு மாடிப்படி ஏறி வந்தபோது மணி நாலு ஐந்து. படிவக்காரர் பூட்டிய கதவுக்கு முன்னால் சாவியும் கையுமாக நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, வெளிய நிக்கிறீங்க?"

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"சித்த நில்லு தங்கச்சி," என்றார். "திறக்க எப்பவும் கொஞ்சம் நேரமாகும்."

அவள் நின்றாள்.