அரசர் பெயரால் ஒருவன்

கிறிஸ்து அரசர் திருநாளன்று சப்பரம் சிறை வாசலில் நிற்கும். பாரியெந்தோஸ் வீட்டு மூத்தவர் அரசர் பெயரால் ஒரு கைதியின் பெயரைச் சொல்வார். அவன் விடுதலை. சொன்னதை மாற்ற முடியாது. விடுதலையானவன் அந்த மூத்தவரோடு தோள் சேர்த்து, சப்பரத்தின் முன்கொம்பைக் கோவில்வரை சுமக்க வேண்டும். குவாத்தமாலாவின் அந்த மலையூரில் எந்த அதிகாரியும் இதை மறுத்ததில்லை.

இந்த வருஷம் உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். நிக்கானோர், ஒரு விதவையைச் சந்தையில் வைத்துக் குத்திக் கொன்றவன். இன்னொருவன், மூத்தவர் எவரிஸ்தோவின் ஒரே மகன் ஃபிதென்சியோ. சப்பரத்தில் வரும் அரசர் சிலையின் கிரீடத்தில் ஒரு வெள்ளிக் கதிரை உடைத்து விற்றுக் குடித்தவன். விடுதலையாகாதவனுக்கு விடிந்தால் தலைநகர்ச் சிறை. அங்கே போனவன் எவனும் உயிரோடு திரும்பியதில்லை.

எந்தப் பெயர் வரும் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஃபிதென்சியோ கம்பிக்குப் பின்னால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு தயாரானான்.

"சொல்லுங்களேன். ஏன் கல்லு மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி கசில்தா.

"அவர் கிரீடத்துல கை வச்சவன்டி அவன். அவர் வெறும் ராஜா இல்ல, கடவுள். அவர் நியாயத்துல என் பிள்ளை, ஊரான் பிள்ளைன்னு கிடையாது."

சப்பரம் சுமந்தவர்களில் ஒருவன் கத்தினான்: "என்னங்கய்யா, பேரு மறந்துபோச்சா? நீங்க வச்ச பேருதானே!"

கூட்டம் சிரித்தது. பாரியெந்தோஸ் வீட்டாரைப் பார்த்து அதுவரை ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. எவரிஸ்தோ முதுகை நிமிர்த்தினார்.

"அரசர் பெயரால், நிக்கானோர்."

சிரிப்பு அறுந்தது.

"அப்பா," என்றான் ஃபிதென்சியோ, ஒரே ஒரு முறை. பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

கசில்தா அழவில்லை. "அன்னிக்கும் பிலாத்து வாசல்ல நின்னு, இயேசுவைச் சாக விட்டுட்டு கொலைகாரனைத்தான் கேட்டாங்க. பரபாசை விடுன்னாங்க. நியாயமாம்!"

அப்போதுதான் எவரிஸ்தோவுக்கு உறைத்தது. வாயைத் திறந்தார்; காவலர்கள் அதற்குள் நிக்கானோரை வெளியே விட்டுவிட்டார்கள்.

அவன் வந்து கொம்புக்கடியில் தோள் கொடுத்தான். ஆள் குட்டை. சப்பரம் அவன் பக்கம் சரிந்தது.

"ஐயா, கொஞ்சம் குனிங்க," என்றான் பல்லைக் காட்டி. "ராஜா சாயறாரு பாருங்க."

எவரிஸ்தோ குனிந்தார். கோவில்வரை நிமிரவில்லை.